வாசலுக்கு அந்தப் பக்கம் என் மகள்

யுத்த காலத்தில் நான் சூரமங்கலம் ரயிலடியில், சரக்குக் கொட்டகைக் குமாஸ்தாவாக இருந்தேன். மல்லசமுத்திரத்துக்குத் தாய்வீடு போயிருந்த மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி வந்தபோது, யாருக்கும் விடுப்புக் கிடையாது என்று உத்தரவு. ராணுவச் சரக்கு ஓயாமல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

உடன் வேலை செய்த ஒருவர் வழி சொன்னார். "காச்சல்னு ஆள் உட்டுச் சொல்லீட்டு ஊருக்குப் போயிட்டு வாங்க. எல்லாரும் அப்படித்தானுங்க பண்றாங்க."

எங்கள் தலைமைக் குமாஸ்தா ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். சாப்பிடப் போகும்போது கொட்டகைச் சாவியை என்னிடம் மட்டுமே விட்டுப் போவார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரே போய் நின்றேன்.

"கொழந்தையப் பாக்கோணுங்க."

"எனக்குப் புரியாதாப்பா? விடுறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லையே" என்றார்.

என் குழந்தை கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது. கைக்குழந்தையோடு யாராவது ரயிலில் உட்கார்ந்திருந்தால், அந்தப் பெட்டி கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஐப்பசி மழையில் நிஜமாகவே எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மூட்டைகளை எடை போடுகிற இடத்திலேயே பல் கிட்டி உட்கார்ந்துவிட்டேன். ரயில்வே டாக்டர் கொய்னா மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொன்னார். தலைமைக் குமாஸ்தா என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

"இங்கே தனியாக் கிடந்து என்ன பண்ணுவே? மாமனார் வீட்டுக்குப் போ. காய்ச்சல் விட்டதும் வந்துடணும், ஆளே இல்லை."

"வந்தர்றனுங்க" என்றேன்.

ஆட்டையாம்பட்டி வழியாக, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பயணமும் போனதில்லை.

என்னைப் பார்த்ததும் மாமியாருக்கு முகம் வாடிவிட்டது. "சாமி, தப்பா நெனச்சுக்காதீங்க. பச்சக்கொழந்த இருக்கிற ஊடு" என்று சொல்லி, முற்றத்து வாசலுக்கு எதிர்ப்புறம் கடலைக்காய் மூட்டைகள் கிடந்த அறையில் பாய் போட்டார்.

அங்கேயே கிடந்தேன். வாசலுக்கு அந்தப் பக்கம் என் மகள் அழுவதும், அழுகை மெல்ல அடங்குவதும் கேட்கும். மனைவி சில வேளை அவளை நிலைப்படி அருகே தூக்கிக் காட்டுவாள். துணிச்சுருளுக்குள் கொஞ்சம் தலைமுடிதான் தெரியும்.

"மூக்கு உங்களாட்டவேதானுங்க" என்பாள்.

காய்ச்சல் விட்ட மறுநாள் காலை, தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தேன். மனைவி குழந்தையை என் மடியில் வைத்தாள். வசம்பும் விளக்கெண்ணெயும் கலந்த வாசம். கண்ணைத் திறந்து, என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள். மாநிறம். மூக்கு என்னுடையதுதான்.

மனைவியின் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இன்னுங் காச்சல் உடலீன்னு சொல்லி அனுப்பிச்சர்லாமுங்க மச்சான். ஆரு வந்து பாக்கப் போறாங்க?"

மனைவி என் முகத்தையே பார்த்தாள்.

"வந்தர்றேன்னு சொல்லீட்டு வந்திருக்கறன்" என்றேன். "அவரு ஒத்தையாளாக் கெடந்து அல்லாடுவாரு."

"அப்ப போயிட்டு வாங்க" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மதிய பஸ் பிடித்துச் சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன். தலைமைக் குமாஸ்தாவே மூட்டைகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"குழந்தையைத் தூக்கினியா?"

"இன்னைக்குக் காத்தாலதானுங்க குடுத்தாங்க."

அவர் கை நின்றது. "அட, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வந்திருக்கலாமேப்பா. காய்ச்சல் விடலைன்னு நீ சொல்லி அனுப்பியிருந்தா, நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேனே."

"அதனாலதானுங்க வந்துட்டேன்."

 அன்று என்னை நிற்கவிடாமல், நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலையாகவே கொடுத்தார்.

தை பிறந்து மனைவி சூரமங்கலம் வந்து சேர்ந்தபோது, மகள் குப்புறக் கவிழப் பழகியிருந்தாள். நான் கைநீட்டியதும் வீறிட்டு அழுதாள். அவள் என்னிடம் ஒட்ட வெகுநாள் ஆயிற்று. அவள் முதன்முதலாக எப்போது சிரித்தாள் என்று மனைவியிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். நினைவில்லை என்றே சொல்லிவந்தாள். ஒருமுறை மட்டும், "நீங்க பஸ் ஏறிப்போன மறுநாளுங்க" என்றாள்.

அதன்பின் நான் கேட்கவில்லை.