கால் விரிந்த காடைக்குஞ்சுகள்

காடைக்குஞ்சு பொரிக்கிற தொழில் இருக்கிறதே, குஞ்சு முட்டைக்குள் இருக்கிறவரைக்கும் அதைப்போல நிம்மதி எதிலும் கிடையாது. ஓட்டை உடைத்துக்கொண்டு அது வெளியே வந்த நிமிஷத்திலிருந்து நமக்கு உட்கார நேரம் கிடையாது.

இன்குபேட்டரை வீட்டுக்குள் வாங்கி வைத்துவிட்டு முழிக்கிற அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோவில்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் என் பொரிப்பகம். பதினெட்டாம் நாள் பெருவிரல் அளவுக்குக் குஞ்சு வரும், வந்ததும் ஓடும். என் குஞ்சுகள் ஓடவில்லை. மூன்று பேட்சாக, பொரிந்த மறுநாளே பாதிக்குப் பாதி, ரெண்டு காலும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து வயிற்றில் கிடந்தன. நிற்க முடியாத குஞ்சு தீவனத்துக்கும் போகாது, தண்ணிக்கும் போகாது.

மொத்தமாக எடுக்கிற ஆள் எனக்கு ஒருவர்தான், பக்கத்தில் பசுவந்தனை ஊரில் இருக்கிற அண்ணாச்சி. மழை ஏமாற்றியதும் மிளகாயை விட்டுக் காடைக்கு மாறியவர். இன்னொரு தடவை கால் இப்படி இருந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக நயமாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் இன்குபேட்டரை மூடித் துணி போர்த்திவிட வேண்டியதுதான். எனக்கு அதற்கு மனசில்லை.

பிளாஸ்திரி

விரிந்த காலுக்கு வைத்தியம், பிளாஸ்திரியை மெல்லிசாக வெட்டி, நடுவில் கொஞ்சம் இடம் விட்டு ரெண்டு காலையும் சேர்த்து ஒட்டுவது. ரெண்டு மூன்று நாளில் கால் கூடிவரும். சொல்ல நல்லாத்தான் இருக்கிறது. அந்தக் கால் ஈர்க்குச்சி பருமன்தான். மல்லாத்திப் பிடித்து ஒட்டி முடிப்பதற்குள் பிளாஸ்திரி என் விரலில் ஒட்டியிருக்கும், குஞ்சு என் சேலையில் இருக்கும்.

பிளாஸ்திரி வாங்க மருந்துக் கடைக்கு வீட்டுக்காரரோடு தினமும் வண்டியில் போவேன். நாலாம் நாள் கடைப்பெண் பிளாஸ்திரியைக் கொடுத்துவிட்டு, பின்னால் நின்ற இவரை மேலும் கீழும் பார்த்தாள். என் பக்கமாகக் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "யக்கா, இவிய ஒங்கள அடிக்கிறாவளா?"

ஆஸ்பத்திரி

டிபன் டப்பாவில் துணி போட்டு ஒரு குஞ்சை வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எனக்கு முன்னால் ஒரு எருமை, பின்னால் ரெண்டு வெள்ளாடு. டப்பாவைப் பார்த்த ஆட்டுக்காரம்மா, அதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார்.

டாக்டர் நல்ல மனுஷர். குஞ்சை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சத்து மருந்து கொடுக்கிறேனா, சூடு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். கீழே என்ன விரிக்கிறேன் என்றும் கேட்டார். புதுத்தாள் சார், தினமும் மாற்றுகிறேன், ஒரு தூசி இருக்காது என்று பெருமையாகச் சொன்னேன். என்ன தாள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஊசியாவது போட்டு அனுப்புங்கள் என்று விடாமல் நின்றேன். டாக்டர் குஞ்சைத் திரும்ப டப்பாவில் வைத்தார். "யம்மா, இதுக்கு நான் ஊசி போட்டா ஊசிதான் மிஞ்சும்."

முருங்கை மூடு

மூன்றாம் பேட்சில் ஒரு குஞ்சுக்குக் கால் இடுப்பிலிருந்தே விரிந்திருந்தது. பிளாஸ்திரிக்கு அடங்கவில்லை. நாலு நாள் சொட்டுச் சொட்டாகத் தண்ணி விட்டேன், தீவனத்தைக் குழைத்து விரல் நுனியில் ஊட்டினேன். என் சத்தம் கேட்டால் கழுத்தை மட்டும் தூக்கும். அஞ்சாம் நாள் தூக்கவில்லை.

முருங்கை மரத்து மூட்டில் குழி தோண்டும்போது அழுதுவிட்டேன். கறிக்கு வளர்க்கத்தானே விற்கிறோம், இதற்குப் போய் அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "ஏட்டி, இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டு. பூனை வரும்."

அண்ணாச்சி உள்ளே வந்தார்

நாலாம் பேட்ச் பொரிந்த மறுநாள் அண்ணாச்சி நேரிலேயே பார்க்க வந்துவிட்டார். கிருமி உள்ளே வராமலிருக்க வாசலில் வைத்திருக்கிற மருந்துத் தண்ணியில் காலை முக்கிவிட்டுத்தான் யாரும் என் பொரிப்பகத்துக்குள் வர வேண்டும். முக்கினார், ஈரக்காலோடு உள்ளே வந்தார்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. லேபிள் அச்சடிக்கும்போது நிறம் மாறிப்போய்க் கழிக்கிற தாளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும். எங்கள் தெருவில் நோட்டுக்கு அட்டை போடுவதும், அலமாரியில் விரிப்பதும் அதுதான். நான் குஞ்சுப் பெட்டிக்குள்ளும் விரித்தேன், அறைத் தரையிலும் விரித்தேன்.

அண்ணாச்சியின் வலது கால் ஒரு பக்கம் போனது, இடது கால் மறுபக்கம் போனது. மனுஷர் நடுவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். பெட்டிக்குள் குஞ்சுகளும் அதே கோலத்தில் கிடந்தன. தன் காலைப் பார்த்தார், குஞ்சுகளைப் பார்த்தார், தாளை விரலால் தடவினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. உட்கார்ந்தபடியே அண்ணாச்சி கேட்டார்: "தாயி, எம்பது கிலோ எனக்கே இதுல நிக்க முடியல. எட்டு கிராம் குஞ்சு எப்படி நிக்கும்?"

சாக்கு

அன்றைக்கே தாளையெல்லாம் அள்ளி வெளியே போட்டுவிட்டுச் சாக்கை விரித்தேன். அண்ணாச்சி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனார். இனி குஞ்சு எடுப்பாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த முட்டை வைத்துப் பதினெட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொரிந்த மறுநாள் பெட்டியைத் திறந்தால் அத்தனையும் நிற்கின்றன. நிற்கின்றன என்ன, கைக்கு அகப்படாமல் ஓடுகின்றன. பசுவந்தனைக்குப் போன் போட்டேன். அண்ணாச்சியின் சம்சாரம், மதினிதான் எடுத்தார். அவர் காலில் கட்டோடு இன்னும் கட்டிலில்தான் இருக்கிறார் என்றார். குஞ்சு எல்லாம் நிற்கிறது என்று மட்டும் சொன்னேன். மதினி அதை உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "மொத்தத்தையும் எடுத்துக்கிடுதாகளாம். ஆனா நீங்கதான் இங்கன கொண்டாந்து தரணுமாம், அந்த ரூமுக்குள்ள இனி கால் வைக்க மாட்டாகளாம்."

ஒரு பெட்டிக் குஞ்சை நிற்க வைக்க ஒரு முழு மனுஷரைப் படுக்க வைக்க வேண்டியிருந்தது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் இதுவரை கண்ட பலன்.