முதல் வாய்

தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நல்லசிவத்துக்குத் துணியைத் தொட்டாலே தரம் தெரிந்துவிடும். காளானைக் கண்டால் மட்டும் குலை நடுங்கும். சின்ன வயதில் திருநெல்வேலியில் யாரோ காளான் தின்று செத்ததாகக் கேட்ட பயம், அறுபது தாண்டியும் அவரை விடவில்லை.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி மீனாட்சி, மந்தைவெளி வீட்டு மொட்டைமாடியில் பால்காளான் வளர்த்தாள். அவித்த வைக்கோலைப் பையில் அடுக்கி, நடுவே காளான் விதை தூவி, மேலே மண் பரப்பி, ஈரச் சாக்கு மறைவில் வைத்துத் தண்ணீர் தெளிப்பாள். வெள்ளை வெளேரென்று கிளம்பியதைப் பறித்து, மிளகு அரைத்துக் குழம்பு வைப்பாள்.

"ஏளா, என்னைக் கொல்லவா பாக்கே?" என்பார் நல்லசிவம், ஒவ்வொரு முறையும்.

"முதல் வாய் நான் சாப்பிடுதேன். நான் உசுரோட இருந்தா நீங்க சாப்பிடுங்க."

சாப்பிட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து சிரிப்பாள். அதைப் பார்த்த பிறகுதான் அவர் இலையில் கை வைப்பார். பல வருஷமாக இதே கூத்து.

ஆனி மாதம் ஒரு காலையில் மீனாட்சிக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே போய்விட்டாள்.

கருமாதி முடிந்ததும், மாடி ஏறவே மனசு வராமல், பைகளைப் பிரித்துக் கொல்லை வாழையடியில் கொட்டச் சொன்னார். பிறகு மழை பெய்தது. ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் பார்த்தால், அந்த வைக்கோல் குவியலில் நாலைந்து வெள்ளைக் காளான்.

"அம்மாவுக்கு இதைத்தான் படைக்கணும்" என்றார்.

மகள் ஷண்முகப்ரியா பதறினாள். "வெளுத்ததெல்லாம் பாலாப்பா? மழைக்கு எது வேணா முளைக்கும். கடையில வாங்கிக்கலாம்."

"அவளுக்குக் கடைக் காளானா?"

மீனாட்சி காளான் பறித்து ஆயும்போதெல்லாம் பயத்திலேயே அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். எதையும் மறக்கவில்லை. விரலால் கிளறினார். மண்ணில் அல்ல, வைக்கோலில்தான் முளைத்திருந்தது. விஷக் காளானுக்கு இருப்பது போலத் தண்டில் வளையம் இல்லை, அடியில் பை மாதிரி உறையும் இல்லை. ஒரு காளானின் குடையைக் கிள்ளிக் கறுப்புக் காகிதத்தில் வைத்து, டம்ளரால் மூடினார். பச்சைப் பொடி விழுந்தால் விஷம் என்பது மீனாட்சி சொன்னது.

காலையில் டம்ளரை எடுத்தார். கோலமாவு சிந்தியது போல வெள்ளைப் பொடி. அவள் வளர்த்ததேதான். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

குழம்பை அவரே வைத்தார். படத்துக்கு முன் இலை போட்டுப் படைத்து, சூடம் காட்டியானதும் அப்பாவும் மகளும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஷண்முகப்ரியா சோற்றைப் பிசைந்தாளே தவிர, வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அம்மாவின் பயமின்மை அவளுக்கு வரவில்லை. அப்பாவின் பயம்தான் வந்திருந்தது.

"பொறுட்டி" என்றார் நல்லசிவம். "முதல் வாய் நான் சாப்பிடுதேன்."

சாப்பிட்டார். உப்புக் குறைவு. வாழ்க்கையில் முதன்முறையாகக் காளான் அவரைப் பயமுறுத்தவில்லை. மகளுக்கு எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்து, மீனாட்சி சிரிப்பது போலச் சிரிக்கப் பார்த்தார். அது மட்டும் வரவில்லை.