முழங்கால்களுக்கு நடுவே நான்கு விரல்

நான் பிறவியிலேயே அவசரக்காரி. அம்மாவுக்கு ஏழாம் மாதம் முடிந்த கையோடு பிறந்துவிட்டேன். ராயபுரத்தில் எங்கள் சந்துக்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்து, "எலிக்குஞ்சு மாதிரி கீதே" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்களாம். அந்த உச்சுக்கொட்டலை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார். பஞ்சில் சுற்றிச் சூடாக வை, காற்றுப் படாமல் பார்த்துக்கொள். எதுவரைக்கும் என்று அவர் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. பஞ்சு போய்த் துணி வந்தது, துணி போய்க் கம்பளி வந்தது. சென்னை வெயிலில் கம்பளி! நாங்கள் இருந்தது லைன் வீட்டில் ஒற்றை அறை. துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டிகளின் கரித்தூள் என்மேல் விழும் என்று இருந்த ஒரே ஜன்னலும் சாத்தியே கிடந்தது. யார் கண்ணும் படக் கூடாது என்று வாசலில் திரை வேறு. "மாதா கோயிலுக்குப் போறவளுக்கு இன்னாடி திருஷ்டி?" என்று நைனா கேலி செய்வாராம். நைனா என்றால் என் அப்பா, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுபவர். அம்மா என் கன்னத்தில் இன்னொரு மைப்பொட்டு வைப்பாளாம்.

நான் பிழைத்துக்கொண்டேன். கொழுகொழுவென்றுகூட ஆனேன். ஆனால் இரண்டு வயதாகியும் நடக்கவில்லை. பிடித்து நிறுத்தினால் இரு கால்களும் வில்லாக வளைந்தன. பாதங்களைச் சேர்த்து வைத்தால் முழங்கால்களுக்கு நடுவே நைனாவின் நான்கு விரல்களும் தாராளமாகப் போயின. விஞ்ச் பிடிக்கிற கையின் விரல்கள், மெலிசானவை அல்ல.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா என் மணிக்கட்டையும் விலா எலும்புகளையும் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தக் குழந்தைமேல வெயில் பட்டிருக்கா?" என்று கேட்டார்.

அம்மா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்: "ஒரு பொட்டு வெயிலு பட வுட்டதில்லம்மா."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாராம். பிறகு பொறுமையாக விளக்கினார். எலும்புக்கு வேண்டிய சத்தைக் குழந்தை சேர்த்துக்கொள்வது தாய் வயிற்றில் கடைசி மாதங்களில்தான். நான் அதற்கு முன்பே கிளம்பி வந்துவிட்டேன். வந்த பிறகாவது வெயிலிலிருந்து வைட்டமின் டி கிடைத்திருக்க வேண்டும், அதையும் கம்பளி தடுத்துவிட்டது. தினமும் மீன் எண்ணெய் கொடுங்கள், உடம்பில் வெயில் படட்டும், இளசான எலும்பு, நிமிர்ந்துவிடும். நிமிராவிட்டால் கொஞ்சம் வளர்ந்த பிறகு எலும்பை உடைத்துத்தான் நேராக வைக்க வேண்டியிருக்கும் என்றார்.

உடைத்து என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா அழ ஆரம்பித்தவள் வீடு வரும்வரை நிறுத்தவில்லை. நைனா அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். "சம்பளம் வாங்கறதுக்கு முன்னாலயே ஷிப்ட்ட வுட்டு வந்துட்டாடி உன் பொண்ணு. வெயில்ல நின்னு சம்பாரிச்சுக்குவா வுடு."

எங்கள் சந்தில் வெயில் ஏது? இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு கோடு மாதிரி விழுந்து உடனே போய்விடும். கடற்கரைக்குத்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டில் கருவாடு போடும் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். உறவில்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். "காக்கா தூக்காம கருவாட்டப் பாத்துக்கினு சொம்மாதான குந்தினுகீறேன், இவளயும் குடு, பாத்துக்கறேன்" என்றாள்.

"எம்பொண்ண கருவாட்டோட காயப் போடவா?" என்று அம்மா சண்டைக்குப் போனாள். மீன் நாற்றமே ஆகாதவள். ஆனால் மறுநாள் காலை என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு கறுப்புக் குடையும் எடுத்துக்கொண்டு, பெரியம்மாவின் பின்னால் போனாள். மணலில் வலை விரித்துக் கீறிய மீன் பரப்பியிருக்கும். ஓரத்தில் என்னை அம்மணமாக உட்கார வைப்பார்கள். பழக்க தோஷத்தில் அம்மாவின் குடை என் பக்கம் சாயும்.

"இன்னாமே, கருவாட்டுக்குக் கொடை புடிச்சா காயுமா?" என்று பெரியம்மா கத்துவாள்.

இரண்டரை வயதில் தத்தித் தத்தி நடந்தேன். வாத்து மாதிரிதான். மூன்று வயதுக்கு மேல் நடந்தவை எனக்கே நினைவிருக்கின்றன. கடல் காற்று, காக்கைகள், சந்துப் பிள்ளைகள் என்னைக் "கருவாடு" என்று கூப்பிட்டது எல்லாம். கூப்பிட்டவர்களைக் கடித்திருக்கிறேன். பல் தாமதமாக வந்தாலும் நன்றாகவே வந்திருந்தது. மீன் எண்ணெயின் வாடையும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சீசா கொண்டுபோனால் ஊற்றித் தருவார்கள். ஒரு கரண்டி விழுங்கினால் ஒரு பொரியுருண்டை என்று பேச்சு. நான் உருண்டையை முன்பணமாகக் கேட்பேன்.

ஒரு சமயம் பெரியம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஈர மண்ணில் இடுப்புவரை புதைத்து வைத்தால் கோணல் கால் நிமிர்ந்துவிடுமாம். அம்மா உடனே குழி தோண்டினாள். எனக்கும் பிடித்திருந்தது, குளுகுளுவென்று இருந்தது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதையும் அம்மா பெருமையாகவே சொன்னாள். டாக்டரம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

"வெயில் படட்டும்னு கடற்கரைக்கு அனுப்பினா, அங்கேயும் பாதிக் குழந்தையை மூடி வெச்சிருக்கீங்களே!"

இதைக் கேட்டுப் பெரியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் குழியை மூடிவிட்டு என்னை வெயிலில் உட்கார வைத்தது அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நைனா என்னைச் சுவரோரம் நிறுத்தி விரல் வைத்துப் பார்ப்பார். நான்கு விரல் மூன்றாக நெடுநாள் ஆயிற்று. மூன்று இரண்டானது. "இப்ப உடைக்க வேண்டாம், பார்ப்போம்" என்று டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். அந்தப் "பார்ப்போம்" எங்கள் வீட்டில் எத்தனை ராத்திரித் தூக்கத்தைத் தின்றது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பிறகு ஒரு விரலில் வந்து அப்படியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அம்மா எனக்குக் கணுக்கால் வரைதான் பாவாடை தைத்தாள். மற்றப் பெண்கள் குட்டைக் கவுனில் பாண்டி ஆடும்போது எனக்கு ஆத்திரமாக வரும்.

எட்டு வயதில் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். எல்லோருக்கும் முழங்கால் அளவு வெள்ளைக் கவுன். அம்மா எனக்கு மட்டும் தரை தொடத் தைத்து வைத்திருந்தாள். அழுதும் பார்த்தேன், அசையவில்லை.

அதற்கு முந்தின நாள் சாயந்திரம் கவுனைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். நைனா சும்மா இல்லாமல் என்னைச் சுவரோரம் நிறுத்தினார். ஆள்காட்டி விரலை வைத்தார். எடுத்தார். சுண்டுவிரலை வைத்தார்.

"போவலடி" என்றார். குரலே மாறிவிட்டது. "தே, இங்க வா. நீ வெச்சுப் பாரு."

அம்மாவின் விரல் மெலிசு. அதுவும் போகவில்லை. என் இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நைனா திரும்பிக்கொண்டு தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

இன்று அறுபதைத் தாண்டிவிட்டேன். எந்த டாக்டரிடம் போனாலும் குறைமாதத்தில் பிறந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலும்பை ஒருமுறை சோதித்துவிடலாம் என்பார்கள், சரி என்பேன். இதுவரை பயப்படும்படி ஒன்றுமில்லை. காலையில் மொட்டைமாடியில் போய் வெயிலில் நிற்கும்போதெல்லாம் அந்தச் சாயந்திரம் ஞாபகம் வருகிறது.

அன்று விரலை எடுத்ததும் அம்மா போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். என் முன்னால் மண்டியிட்டு, புதுக் கவுனை முழங்காலுக்கு மேலே சரசரவென்று வெட்ட ஆரம்பித்தாள்.

"இன்னா பண்றே? ஊரு கண்ணு பட்ரப் போவுது" என்றார் நைனா.

"பாக்கட்டும்" என்றாள் அம்மா, தலை நிமிராமல். "ஊரே நின்னு பாக்கட்டும்."