கூரையை இறக்கியவர்

2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, முற்பகல் பதினொரு மணி பத்து நிமிடம். மாஸ்டரின் வீட்டுக் குசினி மேசையில், அவருடைய காரின் கூரையைத் தானே உடனிருந்து இறக்கியதாக ஒருவர் எனக்கு வாசித்துக் காட்டினார். மாஸ்டர் இறந்த இருபத்துமூன்றாம் நாள் அது.

வாசித்தவர் வைலே நகரில் டயர் மாற்றும் கடை வைத்திருப்பவர். ஒருகாலத்தில் மாஸ்டரிடம் அரை ஆண்டு படித்துவிட்டு இடையில் நின்றுபோனவர். முப்பத்தோராம் நாளன்று வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவு நூலுக்கு, எங்கள் வழக்கில் கல்வெட்டுக்கு, ஓர் அஞ்சலி எழுதிக்கொண்டு வந்திருந்தார். நூலைத் தொகுக்கும் பொறுப்பை மாஸ்டரின் மனைவி, எனக்கு அன்ரி, என்னிடம் தந்திருந்தார். நான் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறேன். எழுத்துப் பிழை விடமாட்டேன் என்று அன்ரி நம்பினார்.

மாஸ்டர் தொழிற்கல்லூரியில் நசுங்கிய தகரத்தை நிமிர்த்தவும் வெல்டிங் செய்யவும் கற்பித்தவர். வார இறுதிகளில் தன் கராஜில் ஹொட் ரொட் கட்டினார்: மிகப் பழைய அமெரிக்கக் காரொன்றை எலும்புவரை கழற்றி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, பெரிய எஞ்சின் ஏற்றி, வேறொரு காராக எழுப்புகிற வேலை. எங்கள் ஆட்கள் அந்தத் தாழ்ந்த கூரையைப் பார்த்து, “மாஸ்டர், தகரம் போதாமல் போச்சோ?” என்று பகிடி பண்ணுவார்கள். “கழுத்து உள்ள ஆக்களுக்கு இடமில்லை” என்பார் அவர்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது, வெல்டிங் பழக்குவீர்களா என்று கேட்டேன். கவிதை படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இது என்று என்னிடம் கேட்காத ஒரே மனிதர் அவர். கெட்டுப்போனால் பரவாயில்லை என்று பழைய தகரத் துண்டுகளை ஒரு வாளி நிறைய எடுத்து வைத்தார். நான் அந்த வாளி முழுவதையும் கெடுத்தேன். அதற்குப் பிறகே காரில் கை வைக்கவிட்டார்.

கூரையைத் தாழ்த்தியது அதே ஆண்டு ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போதே அவருக்குப் படியேறினால் மூச்சு வாங்கும். தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமென்று டயர்க்கடைக்காரருக்கு மூன்று முறை தொலைபேசி எடுத்தார். மூன்று முறையும் “வாறன் மாஸ்டர்” என்ற பதில் கைபேசிக்கு வெளியே எனக்கும் கேட்டது. பிற்பகல் இரண்டு மணிவரை காத்திருந்தோம். முதியோர் இல்ல வேலை முடிந்து சீருடையோடு வந்த அன்ரி, கட்டிலில் கிடப்பவர்களைத் தூக்கும் முறையிலேயே “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று எண்ண, நாங்கள் மூவரும் கூரையைத் தூக்கினோம்.

அன்று அவர் ஒரு தவறு செய்தார். காரின் கூரையைத் தாங்கும் தூண்கள் மேலேறும்போது உள்ளே சரிகின்றன. ஆகவே தூணிலிருந்து நான்கு அங்குலம் அறுத்துக் கூரையை இறக்கினால், அது கீழுள்ள அடிகளுக்கு எட்டாமல் குறுகி நிற்கும். கூரையைக் குறுக்கே வெட்டி இடையில் ஒரு தகரப் பட்டி வைத்து நீட்ட வேண்டும். பல ஆண்டுகளாக இதையே மாணவர்களுக்குக் கற்பித்தவர், அன்று பட்டியை வெட்டி வைக்க மறந்திருந்தார். கூரை முன்புறம் இரண்டு விரல் குறைந்து நின்றது. போய்ப் பட்டி வெட்டிக்கொண்டு வந்தார். நானும் அன்ரியும் அதுவரை கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இந்த ஞாயிறைத்தான் டயர்க்கடைக்காரர் குசினியில் தன்னுடையதாக வாசித்தார். ‘நானும் மாஸ்டரும் தனித்து நின்று ஒரே மூச்சில் கூரையை இறக்கினோம். பானைக்கு மூடி போல அது பொருந்தியது.’

நான் மரியாதையாகக் கேட்டேன். “அண்ணை, நாலு தூணிலையும் நாலு அங்குலம் வெட்டி அப்பிடியே இறக்கினதோ? வேற ஒண்டும் செய்யேல்லையோ?”

“ஓம் பிள்ளை. நாலிலையும் நாலு. அதுதானே கணக்கு. உங்கடை புத்தகத்திலை இதெல்லாம் வராது.”

அதையும் அஞ்சலியில் சேர்க்கட்டுமா என்றேன். வடிவாகச் சேர் என்றார். சேர்த்தேன். அவருடைய பக்கத்தை மட்டும் அவருக்கு அனுப்பி, சரி என்று எழுத்திலும் வாங்கிக்கொண்டேன். பிழை திருத்துவதே என் வேலை. அந்தப் பிழையை நான் திருத்தவில்லை. எதிர்ப்பக்கத்தில் மாஸ்டரின் வேலைக் கொப்பியிலிருந்து, அந்த ஞாயிறு அவர் தன் கையால் எழுதிய பக்கத்தைப் படமாக வைத்தேன்:

‘கூரை நாலு அங்குலம் இறக்கினது. தூண் சரிவை மறந்துபோனன். முன்னுக்கு எட்டேல்லை. என்ரை பிழை. பட்டி வைச்சுச் சரிப்பண்ணினது. பிடிச்ச ஆக்கள்: மனிசி, பிள்ளை. மற்றவன் வரேல்லை.’

அச்சுக்கு முன் பார்க்கிறீர்களா என்று அன்ரியிடம் கேட்டபோது, “நீ பார்த்தாய்தானே, அது போதும்” என்றார். நான் வற்புறுத்தவில்லை.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில், சாப்பாடு தொடங்குமுன் கல்வெட்டுகள் கொடுக்கப்பட்டன. மாஸ்டரிடம் படித்து இன்று கராஜ்களில் வேலை செய்யும் ஏழெட்டுப் பேர் ஒரே மேசையில் இருந்தார்கள். அந்த இரண்டு பக்கங்களும் மேசையைச் சுற்றி வருவதை நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஒரு பெண், மாஸ்டரின் கடைசி வகுப்பில் படித்தவர், டயர்க்கடைக்காரரை நோக்கிக் குரல் கொடுத்தார்.

“அண்ணை, நாலிலையும் நாலு வெட்டினா மூடி பானைக்குள்ளை எல்லோ விழும்?”

மேசை முழுவதும் சிரித்தது. டயர்க்கடைக்காரர் தன் பிரதியை விரித்து, எதிர்ப்பக்கத்தை அப்போதுதான் வாசித்தார். முகம் காது மடல்வரை சிவந்தது. சாப்பிடாமல் எழுந்து, வாசலில் கழற்றிய சப்பாத்தைக் காலில் கொழுவிக்கொண்டு போனார். நான் எனக்குப் போட்ட சோற்றை முழுவதும் சாப்பிட்டேன். அவ்வளவு பசி எனக்கு ஏப்ரலுக்குப் பிறகு வந்ததில்லை.

பாத்திரங்களைக் கழுவும் இடத்தில் அன்ரி என்னைப் பிடித்தார். குரலை உயர்த்தவில்லை.

“அவன்ரை முகத்திலை கரி பூசத்தான் அந்தப் பக்கத்தைப் போட்டனி. ‘என்ரை பிழை’ எண்டு இவர் எழுதினது ஊருக்கு எழுதினதே? அவரின்ரை வருத்தத்தை எல்லாரும் வாசிக்கினம், பிள்ளை.”

டயர்க்கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பதற்காக மாஸ்டரின் சொற்களை எடுத்தபோது, அவை யாருடைய சொற்கள் என்பதை நான் மறந்திருந்தேன். அதற்காக வருந்தினேன். அந்த முகம் சிவந்ததற்காக வருந்தவில்லை. இன்றும் இல்லை.

விபோர்க்கிலும் ஹொல்ஸ்டெப்ரோவிலும் இருக்கும் சொந்தங்களுக்குத் தபாலில் போக நாற்பது பிரதிகள் மிச்சமிருந்தன. கொப்பிப் பக்கம் இருக்கும் தாளை அவற்றிலிருந்து எடுத்துவிடு என்றார் அன்ரி. சரி என்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை, அடிமட்டமும் கூரிய அலகும் வைத்து, நாற்பது பிரதிகளிலும் அந்தத் தாளை நூலின் முதுகோரமாக வெட்டினேன். பிறகு, அன்ரி கேட்காதிருந்தும், அதற்கு எதிரே இருந்த அஞ்சலித் தாளையும் வெட்டினேன். ஒன்பதரைக்குப் பலசரக்குக் கடை திறந்ததும் நாற்பது உறைகளையும் அங்கிருக்கும் தபால் முகப்பில் கொடுத்தேன். என் கையில் இன்னுமோர் உறை இருந்தது. அதற்குள் எனக்கென்று எடுத்து வைத்திருந்த பிரதி, ஒரு தாளும் வெட்டப்படாமல் இருந்தது. டயர்க்கடையின் முகவரியை எழுதி அதையும் கொடுத்தேன்.