தெற்கு நோக்கிய அன்டெனாக்கள்

செவ்வாய்க்கிழமை காலை 9.40க்கு மோர்டனிலிருந்து புறப்பட்டோம். மகனுடைய பழைய கேம்பர்வான், படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி. ஓட்டியவன் நான், வயது எழுபத்து நான்கு; பக்கத்தில் மனைவி பிலோமினா. வருகிற ஜூலையில் வால்சிங்கம் மாதா கோவிலுக்கு இதிலேயே போவதாக எண்ணம். அதற்கு முன் ஓரிரவு பழகிப் பார்க்க எட்மண்டனுக்கு அருகிலுள்ள கேரவன் தரிப்பிடம். பத்தொன்பது மைல், நாற்பத்தொரு சிவப்பு விளக்குகளில் நின்றோம்.

11.50. ஓரிரவுக்கு முப்பத்திரண்டு பவுண். சுற்றிலும் பதினேழு கேரவன்கள், மூன்றில் மட்டும் ஆட்கள். மற்றவை பருவம் முடிந்து பூட்டிக் கிடந்தன. பதினேழின் அன்டெனாக்களும் தெற்கையே பார்த்து நின்றன. கிறிஸ்டல் பலஸ் ஒளிபரப்புக் கோபுரம் அந்தப் பக்கம், பதினான்கு மைலில், கண்ணுக்குத் தெரியாது. ஆளில்லாத வண்டிகள் எதையோ உற்றுக் கேட்பதுபோலிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

1.30. சாப்பிட்டுக்கொண்டே வண்டிக்குள்ளிருந்த சின்னத் தொலைக்காட்சிப் பெட்டியில் செய்தி பார்த்தோம். வூலிச் படகுத்துறையில் வரிசையாக நின்றவர்களைக் காட்டினார்கள். இரண்டு விநாடிதான், படம் சதுரம் சதுரமாக உடைந்து மறைந்தது. பிலோமினாவின் கை சோற்றிலேயே நின்றது.

"தாசன்," என்றாள்.

தாசன் அவளுடைய தம்பி. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மன்னாரில் சைக்கிளில் சந்தைக்குப் போனவன் திரும்பவில்லை. இறந்தவர்களுக்கான ஆத்துமப் பூசையை அவனுக்கு ஒப்புக்கொடுக்க அவள் இன்றுவரை யாரையும் விட்டதில்லை. மாலை 6.30 செய்தியில் அதைத் திரும்பப் போடக்கூடும். அந்த முகத்தை அவள் பார்த்தே ஆகவேண்டும்.

5.15. எங்கள் வண்டியின் அன்டெனாக் குழாயைத் திருப்பத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்தில் இந்தியத் தொலைக்காட்சி பிடிக்கக் குழாய் திருப்பிய கை இது. வெளியே நான் திருப்ப, உள்ளேயிருந்து அவள் சொல்லவேண்டும். இருபத்திரண்டு தடவை கேட்டேன். இருபத்திரண்டு தடவையும் "இல்லை" என்றாள். பக்கத்து வண்டியிலிருந்த ஆங்கிலேயக் கிழவர் பொறுக்காமல் இறங்கி வந்தார். இது டிஜிட்டல், அந்தக் காலம்போல் படம் மெல்ல மெல்லத் தெளியாது, பெட்டி யோசிக்க நேரம் கொடு, ஒரு விரலளவு திருப்பிப் பத்துவரை எண்ணிவிட்டுக் கேள் என்றார். இருபத்திரண்டு தடவையும் சரியான இடத்தை நான் அவசரத்தில் கடந்து போயிருக்கிறேன்.

6.20. ஒரு விரல், பத்து எண்ணிக்கை. ஐந்தாவது தடவை அவள் குரல் வந்தது.

"வந்திட்டுது. ஆட்டாதையுங்கோ."

குழாயைப் பிடிக்கும் திருகாணி தேய்ந்திருந்தது. கையை எடுத்தால் குழாய் தானாகத் திரும்பும். தூறலில் அதைப் பிடித்தபடி ஜன்னல் வழியே பார்த்தேன்.

6.41. படகுத்துறை. வரிசையில் நான்காவது ஆள் முகத்தைத் திருப்பினான். படம் அப்படியே நின்றது, சத்தமும் அறுந்தது. வலது புருவத்தில் தாசனுடைய வெட்டுத் தழும்பு. கணக்குப் பார்த்தேன். காணாமற்போனபோது இருபத்திரண்டு, இன்று ஐம்பத்தேழு. திரையில் நின்றவனுக்கு இருபத்திரண்டுக்கு மேல் ஒரு நாளும் சொல்ல முடியாது.

"இஞ்சருங்கோ, திருப்பினா மிச்சமும் வருமோ?" என்று கேட்டாள்.

"வந்தாலும் வரும். இதுவும் போனாலும் போகும்."

"அப்ப அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

நின்ற படம் நாலைந்து விநாடியில் கறுத்துவிடும் என்பதுதான் என் அனுபவம். இது கறுக்கவில்லை. பிலோமினா பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினாள். கண்ணாடிக்கு இப்பால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இடையிடையே நிறுத்தினாள், பதில் கேட்பவள்போலத் தலையாட்டினாள். ஒருமுறை சிரித்தாள். என் விரல்கள் விறைத்தன. இருபத்தாறு நிமிடம்.

7.07. அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

"போதும், கையை எடுங்கோ. அவனுக்குக் குளிருதாம்."

எடுத்தேன். குழாய் திரும்பியது, திரை கறுத்தது.

புதன் காலை 10.05க்குக் கிளம்பி மதியத்துக்குள் வீடு வந்தோம். மோர்டனிலிருந்து அந்தக் கோபுரம் ஐந்தே மைல். எங்கள் வீட்டில் படம் ஒரு விநாடிகூட உறைந்து நிற்பதில்லை. நேற்றைய செய்தி இன்று மாலைவரை இணையத்தில் இருக்கும், மகனிடம் சொன்னால் எடுத்துத் தருவான், நான்காவது ஆளை உடையாமல் பார்க்கலாம் என்று அவளிடம் சொன்னேன்.

பிலோமினா தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "வேண்டாம். அதிலை வேற ஆரோ நிப்பான்."