மேரியக்கா கேட்ட துண்டு வீடியோ

மேரியக்கான்னு நாங்க கூப்புடற ஆரோக்கியமேரி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஒரு கம்பி மில்லு கேன்டீன்ல சமைக்குது. நான் அங்க பாத்திரம் கழுவறேன். அதே மில்லுலதான் அது ஊட்டுக்காரரு யேசுதாஸ் அண்ணன், கிரேன்லேர்ந்து வுழுந்த கம்பிக்கட்டுக்கு அடியில மாட்டி செத்தாரு. அதுக்கப்புறம்தான் அக்காவுக்கு இந்த வேலயக் குடுத்தாங்க.

அவரு செத்தது கேமராவுல பதிவாயிட்ச்சி. புதுசா சேர்றவங்களுக்கு சேஃப்டி கிளாஸ்ல அதத்தான் டிவில போட்டுக் காட்டுவாங்க. அக்கா சேர்ந்த அன்னிக்கி அதையும் உக்கார வச்சிட்டானுங்க, பாவிங்க! அவரு பொண்டாட்டியாச்சேன்னு ஒருத்தனுக்கும் தோணல. நானா இருந்தா டிவிய ஒட்ச்சிருப்பேன். அக்கா கடைசி வரைக்கும் பாத்துச்சி.

வெளிய வந்துதான் என் கையப் புட்ச்சிகினு சொல்லிச்சி. "குணா, மொதல்ல கொஞ்ச நேரம் அவரு சும்மா நிக்கறாருடி. ஹெல்மெட்ட கழட்டி தலய சொறிஞ்சிகினு, யாரையோ பாத்து சிரிக்கறாரு."

அண்ணன் செல்போனும் அவரு செத்த அன்னிக்கே நசுங்கிப் போச்சி, போட்டோல்லாம் அதுலதான் இருந்துச்சி. ஊட்ல இருக்கறது அவரு மொறச்சிகினு நிக்கற கல்யாண போட்டோ ஒண்ணுதான்.

ஆபீஸுக்குப் போனோம். "சார், அவரு சாவறத இனிமே யாருக்கும் காட்டாதீங்க. முன்னாடி சிரிக்கற துண்ட மட்டும் எனக்குக் குடுங்க"ன்னு அக்கா கெஞ்சிச்சி.

"கேமரா பதிவு கம்பெனி சொத்தும்மா. வெளிய தரக் கூடாது. பிரைவசி ரூல் இருக்கு"ன்னாரு ஆபீசர்.

எனக்கு வந்துச்சே கோவம்! "இன்னா சார் பிரைவசி? வர்றவன் போறவன்லாம் பாக்கலாம், பொண்டாட்டி கேட்டா குடுக்கக் கூடாதா?"

அக்கா என் வாயப் பொத்தி இஸ்துகினு வந்துட்ச்சி. வேல போச்சின்னா பொண்ண எப்படிப் படிக்க வைக்கறதுன்னு அதுக்கு பயம். ஆனாலும் வுடல, போய்ப் போய்க் கேட்டுகினே இருந்துச்சி. கடைசில ஒரு நாள் ஆபீசரே கூப்ட்டு, "உங்களுக்காக அழிச்சிட்டோம்மா"ன்னாரு.

"அந்த முன்னாடி துண்டு சார்?"

"எல்லாமேதான்மா."

அன்னிக்கி அக்கா அழுத அழுகைய என்னால பாக்க முடியல.

போன வாரம் நாஷ்டா முடிச்சி உக்காந்திருந்தோம். அக்கா செல்லுல, மாதா கோயில் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு வீடியோ வந்துச்சி, அண்ணன் செத்த அதே வீடியோ. சேஃப்டி கிளாஸ்ல டிவில ஓடுனத எவனோ செல்லுல புட்ச்சி, அது ஊரெல்லாம் சுத்திகினு இருந்திருக்கு. அனுப்பினவன நான் திட்டினேன். அக்கா மூஞ்சிலயோ சந்தோஷம்! "அழியல குணா, எங்கியோ இருந்திருக்குடி"ன்னு தொறந்துச்சி.

கம்பிக்கட்டு வுழறதுலேர்ந்துதான் ஆரம்பிச்சிச்சி. முன்னாடி ஒண்ணும் நடக்கலன்னு எவனோ வெட்டி, சோகப் பாட்டு வேற சேத்திருந்தான்.

"வேணாங்க்கா, மூடுக்கா"ன்னு கெஞ்சினேன். அக்கா கேக்கல. ஆரம்பத்துல எங்கியாவது அவரு சிரிக்கறாரான்னு, அவரு சாவறதயே திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துகினு இருந்துச்சி.