பூசைக்குப் போடும் பல்

றீற்றா அன்ரி சிரித்தால் எங்கள் கிளினிக்கே வெளிச்சமாகிவிடும். அப்படி ஒரு பல்வரிசை! உடல் நிறை மட்டும் மாதாமாதம் இறங்கிக்கொண்டே போனது.

நான் ஷிஃபானா. கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டித் திருகோணமலைக்கு வேலைக்கு வரும் தாதி, எல்லோருக்கும் மிஸி. முதியவர்களை நிறுப்பது, பிரஷர் பார்ப்பது, என்ன சாப்பிடுகிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்பது என் பாடு. மற்றவர்கள் கஞ்சி, பிஸ்கட் என்று முனகுவார்கள். அன்ரியிடம் கேட்டால் எனக்கே வாயூறும்.

"நேற்று என்ன சாப்பாடு அன்ரி?"

"பாரைமீன் குழம்பு, இறால் பொரியல், முருங்கைக்காய்க் கறி, பிள்ளை."

இரத்தம் சோதித்தாயிற்று, சலமும் சோதித்தாயிற்று. நோய், வருத்தம் ஒன்றும் இல்லை. சாப்பாடெல்லாம் எங்கேதான் போகிறது என்று டொக்டரே தலையைச் சொறிந்தார்.

கொழும்பிலிருக்கும் மகன் அஞ்சலோ தீர்த்துச் சொல்லிவிட்டான்: அடுத்த மாதமும் நிறை குறைந்தால் வீட்டைப் பூட்டி, அம்மாவைத் தன் பிளாட்டுக்கு ஏற்றிவிடுவானாம். அன்று அன்ரி சிரிக்கவேயில்லை.

"ஏழாம் மாடியில இருந்து நான் ஆரோட கதைக்கிறது? எனக்கு ஏலாது பிள்ளை."

வாசலில் மீன்காரனோடு சண்டை பிடிக்காவிட்டால் அவருக்குப் பொழுதே விடியாது. சாப்பாடு எங்கே போகிறதென்று நானே பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அடுத்த நாள் மத்தியானம் அவர் வீட்டில் போய் நின்றேன்.

மேசை நிறையச் சாப்பாடு. அவர் சொன்னதில் பொய்யே இல்லை. பக்கத்து வீட்டுக்கும் கிண்ணம் கிண்ணமாகப் போனது. எனக்கும் குவித்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, பற்களைக் கழற்றிக் கோப்பைத் தண்ணீரில் போட்டு, சோசரால் மூடிவிட்டு, பேக்கரிப் பாண் துண்டைச் சொதியில் தோய்த்து உறிஞ்சத் தொடங்கினார்.

எனக்குப் புரையேறிவிட்டது.

"யா அல்லாஹ்! இதென்ன விசர் வேலை அன்ரி? பல்லைக் கழற்றிப்போட்டோ சாப்பிடுறது?"

"பின்ன? மகன் ஆசையாக் கட்டித்தந்த பல்லு. குழம்பு பட்டா மஞ்சள் பிடிக்கும். அது ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் கிளினிக்குக்கும்."

"அப்ப எனக்குச் சொன்ன கறியெல்லாம்?"

"என்ன சாப்பாடெண்டுதானே கேட்டனீங்கள்? ஆர் சாப்பிட்டதெண்டு கேக்கேல்லையே!"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. அவருக்கும்தான். கண்ணைத் துடைத்த கையோடு எனக்குக் கோபமும் வந்தது.

"மஞ்சள் பல்லோட இங்க இருக்கப்போறீங்களோ, வெள்ளைப் பல்லோட கொழும்புக்குப் போகப்போறீங்களோ?"

அன்ரி கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். பல்லோடு வந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓர் இறாலைக் கடித்தார்.

அடுத்த மாதம் தராசு முள் ஏறியிருந்தது. நான் துள்ளியே விட்டேன்! அஞ்சலோ நம்பவில்லை.

"சும்மா சொல்லாதேங்கோ அம்மா" என்றான் போனில்.

அன்ரி கைப்பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தார். போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, கடக்கென்று கடித்தார். கிளினிக் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"கேட்டதோ? இன்னும் கிடக்கு, கடிக்கட்டோ?"

 அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"சரியம்மா. நீங்கள் அங்கயே இருங்கோ."

அன்ரி என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். பல்லெல்லாம் நல்ல மஞ்சள்.